அண்ணன் குடித்ததில்லை

ஈப்போவில் நான் வேலை பார்த்த தையல் தொழிற்சாலைக்கு அவ்வப்போது ஆஸ்பத்திரி வேன் வரும், ரத்தம் எடுக்க. கொடுப்பவர்களுக்கு ஒரு கப் மைலோவும் பிஸ்கட்டும் கிடைக்கும். அதைவிடப் பெரிய லாபம், மிஷினை விட்டு எழுந்துபோய்க் கொஞ்ச நேரம் காலை நீட்டிப் படுத்திருக்கலாம். எண்பதுகளின் தொடக்கம் அது. எனக்குக் கல்யாணமாகி, மகள் அப்போதுதான் நடக்கப் பழகியிருந்தாள். உடம்பில் ஒரு குறையும் கிடையாது. துணிக் கட்டுகளை ஒற்றை ஆளாய்த் தூக்கிக்கொண்டு போவேன். பக்கத்து மிஷினில் இருந்த அக்கா, "தோட்டத்துல வளந்த உடம்புலா இது," என்று என் முதுகில் தட்டுவார். நானும் படுத்து ரத்தம் கொடுத்துவிட்டு, மைலோவைக் குடித்துவிட்டு வந்து தைக்க உட்கார்ந்தேன்.

சில வாரம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து ஆபீசுக்குப் போன் வந்தது. என்னை வரச் சொன்னார்கள். "என் ரத்தம் ருசியா இருந்திருக்கும் போல, இன்னும் கேக்குறாங்க," என்று அந்த அக்காவிடம் சொல்லிச் சிரித்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

டாக்டர் இளம் சீனப் பெண். மலாயில் பேசினார். கூட நம் தமிழ் நர்ஸ் ஒருவர் நின்றார்; மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். வயதானவர், தலையில் வெள்ளைத் தொப்பி, கண்ணில் அவசரமில்லாத பார்வை. டாக்டர் பேசப் பேச அவர் எனக்குச் சொன்னார்.

"உங்க ரத்தத்துல ஒரு கிருமி இருக்கும்மா. கல்லீரலுக்குப் போற கிருமி. டெஸ்ட் பாசிட்டிவ்னு வந்திருக்கு."

பாசிட்டிவ் என்றால் நல்லது என்று நான் நினைத்திருந்தேன். "அப்ப நல்லதுதானே மிஸ்ஸி?"

அவர் ஒரு நொடி டாக்டரைப் பார்த்தார். "இல்லம்மா. இங்க பாசிட்டிவ்னா, தேடுனது கெடைச்சிருச்சுன்னு அர்த்தம்."

எனக்குக் கோபம்தான் வந்தது. "எனக்குக் காய்ச்சல் இல்ல, தலைவலி இல்ல. மூணு வேளையும் சாப்பிடுறேன். நல்லாதான் இருக்கேன்லா. வேற யாரோட ரத்தமாவது மாறியிருக்கும்."

டாக்டர் முகம் சுளிக்கவில்லை. மறுபடியும் எடுத்துப் பார்ப்போம் என்றார். பிறகு பொறுமையாக ஒன்று சொன்னார். அதை மிஸ்ஸி தமிழில் சொன்ன விதம் இன்றைக்கும் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"நோவு வேற, கிருமி வேறம்மா. கிருமி உங்க உடம்புல குடியிருக்கு. இப்பவரைக்கும் அது உங்கள ஒன்னும் பண்ணல. நெறைய பேருக்குக் கடைசிவரைக்கும் ஒன்னும் பண்ணாது. சில பேருக்குப் பண்ணும். யாருக்குப் பண்ணும்னு இன்னிக்கே சொல்ல முடியாது. அதனாலதான் நல்லா இருக்கும்போதே வந்து வந்து பாத்துக்கணும்."

ஆறு மாதம் கழித்தும் கிருமி ரத்தத்தில் இருந்தால் அது நிரந்தரமாகத் தங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்வார்களாம். இனி ரத்தம் கொடுக்கக் கூடாது. பல் துலக்கும் பிரஷ், பிளேடு எதையும் யாருக்கும் கொடுக்கக் கூடாது. காயம் பட்டால் மூடிக்கொள்ள வேண்டும். சமைக்கலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம், பிள்ளையைத் தூக்கலாம், முத்தம் கொடுக்கலாம், அதிலெல்லாம் ஒட்டாது. கணவரும் பிள்ளையும் ரத்தம் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். பாதி காதில் விழவில்லை.

"எங்கேருந்து வந்துச்சு எனக்கு?"

"பெரும்பாலும் பொறக்கும்போது, இல்லாட்டி கைக்கொழந்தையா இருக்கும்போது," என்றார் மிஸ்ஸி. அதற்குள் டாக்டர் அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டார். வீட்டில் யாருக்காவது கண் மஞ்சளாகி, வயிறு வீங்கி இருந்ததா?

"எங்க அண்ணன்," என்றேன். "ஆனா அவரு குடிச்சதால செத்தாருன்னு சொல்லுவாங்க."

அண்ணன் இறந்து அப்போது எட்டொன்பது வருடம் இருக்கும்.

நாங்கள் சித்தியவான் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அப்பா பால்மரம் வெட்டினார், மரப்பட்டையைக் கீறி ரப்பர் பால் இறக்கும் வேலை. குடி என்றால் அவருக்கு ஆகாது. அவருடைய அப்பா கள்ளுக்கடைக்குப் பின்னாலிருந்த கால்வாயில் குப்புற விழுந்து கிடந்து செத்தவர். சிறுபிள்ளையாக அவரை வெளியே இழுத்தவர் அப்பாதான். அதன்பிறகு அந்தக் கடை இருந்த பாதையில்கூட அப்பா நடப்பதில்லை. சுற்றிக்கொண்டு போவார். வீட்டுக்கு வருகிற சொந்தக்காரன் வாயில் வாடை அடித்தால் அவனுக்குச் சோறு கிடையாது.

அண்ணன் பால் ஏற்றும் டிராக்டர் ஓட்டினார். கேரம் ஆட்டத்தில் தோட்டத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. கேரம் பலகை கிடந்தது கள்ளுக்கடையை ஒட்டிய கொட்டகையில். அவ்வளவுதான் அண்ணனுக்கும் அந்தக் கடைக்கும் இருந்த உறவு. ஆனால் கடை வாசலில் அவரைப் பார்க்காதவர்கள் தோட்டத்தில் கிடையாது.

தைப்பிங்கிலிருந்து அண்ணி வந்த இரண்டாம் வருடம் அண்ணன் களைத்துப்போக ஆரம்பித்தார். வேலை முடிந்து வந்ததும் படுத்துவிடுவார். கால்சட்டைப் பொத்தான் போட முடியவில்லை. "உன் அண்ணி சமையல்தான் காரணம்," என்று என்னிடம் சிரித்தார். பிறகு கால் வீங்கியது. ஒரு நாள் காலை வெளிச்சத்தில் முகம் கழுவியவரின் கண்ணைப் பார்த்து அம்மா செம்பைக் கீழே போட்டுவிட்டார். மஞ்சள் தடவினாற்போல் இருந்தது.

தோட்டத்து மருந்தகத்தில் வைத்தியம் பார்க்கும் டிரெசர் அண்ணனைப் படுக்க வைத்து வயிற்றை அழுத்திப் பார்த்தார். வெளியே வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படி, "எத்தன வருஷமா குடிக்கிற?" என்றார்.

"குடிக்கிறது இல்லங்க."

"எல்லாரும் இதத்தான் சொல்றான்."

வேலைக்காட்டிலிருந்து ஜனங்கள் திரும்புவதற்குள் லயத்து வீடுகள் முழுக்கப் பேச்சு பரவிவிட்டது. அப்பா வீட்டுக்குள் வந்தபோது அண்ணன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, சத்தியமா நான் தொட்டதே இல்லப்பா."

அப்பா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. வயிற்றைப் பார்த்தார். "உன் வயிறு சொல்லுதே. நீ என்ன சொல்றது?"

அண்ணி அடுப்படியிலிருந்து எழுந்து வந்தார். மாமனார் முன்னால் நிமிர்ந்து பேசாதவர். "மாமா, அவரு குடிக்கிற ஆள் இல்ல மாமா. பக்கத்துல படுக்கிறவளுக்குத் தெரியாதா?"

"நீ மறைக்கிற," என்றார் அப்பா. அதோடு சரி. அதன்பிறகு மகனிடமும் பேசவில்லை, மருமகளிடமும் பேசவில்லை.

எனக்கு அப்போது பள்ளிக்கூட வயது. யாரை நம்புவதென்று தெரியாமல் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அண்ணனைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வயிற்றில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். மறுபடியும் ஊறியது. அங்கேயும் குடியைப் பற்றித்தான் கேட்டார்கள் என்று அம்மா சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் எங்களோடு வந்தார். ஆனால் வார்டுக்குள் வரவில்லை. வாசலில் இருந்த காவல்காரர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அண்ணன் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பா வந்திருக்காரா?" என்று என்னிடம் கேட்டார். "வெளியில இருக்காரு," என்றேன். அவர் போர்வையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டார்.

அந்த வாரமே ரத்தவாந்தி எடுத்து அண்ணன் போய்விட்டார். முப்பது வயதுகூட ஆகவில்லை. காரியங்களை அப்பா குறைவில்லாமல் செய்தார். ஆனால் அண்ணன் படத்தைச் சுவரில் மாட்ட விடவில்லை. திவசத்தன்று அம்மா தனியாகப் படையல் போடுவார். அப்பா அன்றைக்கும் வேலைக்குப் போவார். அண்ணிக்குப் பிள்ளை இல்லை. புருஷன் குடியை மூடி மறைத்தவள் என்று பேர் வாங்கிக்கொண்டு ஒரு தகரப் பெட்டியோடு தைப்பிங் பஸ் ஏறினார். பிறகு எந்தத் தகவலும் இல்லை.

இதையெல்லாம் நான் டாக்டரிடம் விரிவாகச் சொல்லவில்லை. சொல்ல முடிந்ததைச் சொன்னேன். மிஸ்ஸி அதை மலாயில் சொன்னார். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டு மிஸ்ஸியிடம் மெதுவாகப் பேசினார்.

"அப்ப இந்த டெஸ்ட் பண்ணலயாம். அதனால உறுதியா சொல்ல முடியாதுங்கிறாங்க," என்றார் மிஸ்ஸி. "ஆனா குடிக்காத ஆளுக்கும் இந்தக் கிருமியால கல்லீரல் கெட்டுப்போய் அப்படியே வயிறு வீங்கும். நெறைய பாத்திருக்காங்களாம். ஒரே வீட்டுல உங்களுக்கு இது இருக்குன்னா, உங்க அண்ணனுக்கும் இதுவாத்தான் இருந்திருக்கணும்."

கையில் குத்திய இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டு வெளியே வந்தேன். பஸ் நிறுத்தத்தில் ஒரு பஸ்ஸை விட்டேன், அடுத்ததையும் விட்டேன். என்னைப் பற்றிய பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் போர்வையை இழுத்து மூடிய அண்ணனின் கைதான்.

என் கணவர் பஸ் கம்பெனியில் மெக்கானிக். விஷயத்தைச் சொன்னதும் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "நானும் டெஸ்ட் எடுக்கணுமா?"

"ஆமா."

"சரி, எடுத்துருவோம்." கொஞ்சம் கழித்து, "உங்க அப்பாகிட்ட யாரு சொல்றது?" என்றார்.

தோட்டத்தில் பால்மரங்களைச் சாய்த்துவிட்டு எண்ணெய்ப்பனை நட ஆரம்பித்ததும் அப்பாவும் அம்மாவும் ஈப்போவுக்கு வந்து புந்தோங்கில் எங்கள் வீட்டுக்கு அருகே குடியிருந்தார்கள். அப்பா ஒரு கிடங்கில் ஜாகாவாக, காவலுக்கு இருந்தார். நான் போனபோது வாசலில் உட்கார்ந்து சப்பாத்துக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். சொன்னேன். முதலில் என் உடம்பைப் பற்றி, பிறகு அண்ணனைப் பற்றி.

"குடிக்காமலே வருமா?"

"வரும்ப்பா."

"வயிறு அப்படி ஊதுமா?"

"ஊதும்."

"கண்ணு மஞ்சளாகுமா?"

"ஆகும்ப்பா."

"குடிக்காமலேயா?"

நான் பதில் சொன்னேன். அவர் மறுபடியும் கேட்டார். எத்தனை முறை கேட்டாரோ. கடைசியில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். ஒன்று பளபளத்தது, மற்றது அப்படியே மண்ணோடு இருந்தது.

அம்மாவையும் அப்பாவையும் ரத்தம் பார்க்க அழைத்துப்போனேன். அப்பாவுக்கு ஒன்றுமில்லை. அம்மாவுக்கு இருந்தது. தலைவலி என்று ஒரு நாள் படுக்காத அம்மா; தோட்டத்தில் இருந்த கடைசி வருடம் வரை பால்மரத்தில் ஏணி சாய்த்து ஏறிப் பால் வெட்டியவர். மிஸ்ஸி எனக்குச் சொன்னதையே அவருக்கும் சொன்னார். கிருமி வேறு, நோவு வேறு. பயப்பட வேண்டாம். அம்மா கேட்டுக்கொண்டார்.

"இந்தப் புள்ளைக்கும் இருக்கு, எனக்கும் இருக்கு. அவனுக்கும் இருந்திருக்கு," என்றார். "அவனுக்கு யாரு குடுத்தா?"

மிஸ்ஸி நாற்காலியை அம்மாவுக்கு அருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"யாரும் வேணும்னு குடுக்கிறது இல்லம்மா," என்றார் மிஸ்ஸி. "உங்களுக்கும் உங்க அம்மாகிட்டேருந்து வந்திருக்கலாம். யாருக்குமே தெரியாது."

"பாலுலயா?"

"பால் இல்லம்மா. பொறக்கும்போது, ரத்தத்துல."

அம்மா தன் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு எழுந்தார். வீடு வரும்வரை அந்தக் கையை எடுக்கவில்லை. அன்றிலிருந்து அவருக்கென்று ஒரு தட்டு, ஒரு கப். என் மகளுக்குச் சோறு ஊட்டுவதை நிறுத்திவிட்டார். அதிலெல்லாம் ஒட்டாது என்று டாக்டர் சொன்னதை எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். "தெரியாம ஒரு தடவ குடுத்துட்டேன். தெரிஞ்சு குடுக்க மாட்டேன்," என்றார்.

அண்ணியும் ரத்தம் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். விசாரித்ததில், தைப்பிங்கில் ஒரு பள்ளிக்கூடக் கேண்டீனில் வேலை செய்வதாகத் தெரிந்தது. நான் கிளம்பும்போது அப்பாவும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து நின்றார். வழியெல்லாம் பஸ் ஜன்னலைப் பார்த்தபடி எதையோ முணுமுணுத்துக்கொண்டே வந்தார். தைப்பிங் மழைக்குப் பேர்போன ஊர்; இறங்கும்போதே மழை.

கேண்டீனில் பிள்ளைகள் சாப்பிட்டுப் போய்விட்டிருந்தார்கள். அண்ணி மேசை துடைத்துக்கொண்டிருந்தார். உடம்பு பெருத்து, முன்தலை நரைத்திருந்தது. எங்களைப் பார்த்ததும் துணியைக் கீழே வைத்துவிட்டு, "வாங்க மாமா," என்றார். அந்தச் சொல் மாறவில்லை. உட்கார வைத்துத் தேநீர் கொண்டுவந்தார்.

அப்பா கப்பைத் தொடவில்லை. "அவன் குடிக்கலம்மா," என்றார். "டாக்டர் சொல்லிட்டாங்க. கிருமியாம். அவன் குடிக்கவே இல்லயாம்."

டாக்டர் அவ்வளவு உறுதியாகச் சொல்லவில்லை. நான் திருத்தவில்லை.

அண்ணி அப்பாவை நேராகப் பார்த்தார். கோபம் தெரியவில்லை. மிகவும் களைத்தவர் குரலில் பேசினார்.

"எனக்குத் தெரியும் மாமா. இதுக்கு எதுக்கு டாக்டர்? நான் அன்னிக்கே சொன்னேனே."

மழை தகரக் கூரையில் விழுந்துகொண்டிருந்தது. அண்ணியே மறுபடி பேசினார்.

"ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்ப தெனம் என்னைப் பல்லு வெளக்கி விடச் சொல்லுவாரு. எழுந்து உக்கார முடியாது, ஆனாலும் வாய் கொப்புளிக்கணும். 'அப்பா வந்தா வாய ஊதிக் காட்டுறேன், அப்ப நம்புவாரு'ன்னு சொல்லுவாரு. நீங்க வந்தீங்கன்னு சொன்னாங்க. உள்ள வரலயே மாமா."

அப்பா மேசையில் தலையைக் கவிழ்த்துவிட்டார். அவர் அழுது நான் அதுவரை பார்த்ததில்லை. அண்ணன் செத்த அன்றுகூட அழாதவர். அண்ணி பக்கத்திலேயே நின்றார். தோளைத் தொடவும் இல்லை, விலகிப் போகவும் இல்லை. அழுகை அடங்கியதும், ஆறிப்போன தேநீரை எடுத்துக்கொண்டு போய் வேறு சூடாகக் கொண்டுவந்து வைத்தார். அப்பா அதைக் குடித்தார்.

"மன்னிச்சிரும்மா," என்றார் போகும்போது.

"அவருகிட்ட கேக்க வேண்டியது மாமா," என்றார் அண்ணி. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ உடம்பப் பாத்துக்க. விட்டுறாத," என்றார்.

தைப்பிங்கிலேயே அவர் ரத்தம் பார்த்துக்கொண்டார். ஒரு டெஸ்ட் பாசிட்டிவ் என்று தகவல் வந்ததும் மிஸ்ஸியிடம் ஓடினேன். மிஸ்ஸிதான் விளக்கினார்: அது கிருமியைக் காட்டும் டெஸ்ட் இல்லை; கிருமி வந்து, உடம்பு அதை எதிர்த்து ஜெயித்துவிட்டதைக் காட்டும் டெஸ்ட். இனி அவருக்கு அது வராது. அண்ணியிடம் சொன்னபோது, "அவரு உடம்புக்கு அந்தத் தெம்பு இல்லாமப் போச்சே," என்று மட்டும் சொன்னார்.

அண்ணன் படத்தை அப்பாவே ஆணியடித்து மாட்டினார். அதோடு நிற்கவில்லை. லீவு நாளில் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். பழைய தோட்டத்து ஆட்கள் சித்தியவானிலும் லூமுட்டிலும் சிதறிக் கிடந்தார்கள். ஒவ்வொரு வீடாகத் தேடிப்போய், "என் மகன் குடிச்சுச் சாகல," என்று சொல்லிவிட்டு வருவார். ஒரு கல்யாண மண்டபத்தில் நானே பார்த்தேன். பந்தியில் பக்கத்திலிருந்த ஆளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஆள் இலையிலிருந்து நிமிர்ந்து, "யாரு? எந்தப் பையன் அண்ணே?" என்றார். அப்பா கை கழுவப் போகாமல், டிராக்டர் ஓட்டியவன், கேரம் ஆடுவான் என்று முதலிலிருந்து அடையாளம் சொல்ல ஆரம்பித்தார். அந்த ஆளுக்குக் கடைசிவரை நினைவு வரவில்லை.

ஆறு மாதம் கழித்து என் ரத்தத்தை மறுபடி பார்த்தார்கள். கிருமி அங்கேயேதான் இருந்தது. கணவருக்கு இல்லை. மகளுக்கு இருந்தது. அவளைப் பெற்றபோது எனக்கு எதுவும் தெரியாது. தெரிந்திருந்தாலும் கொடுக்க அப்போது மருந்து இல்லை. சில வருடம் கழித்து மகன் பிறந்தபோது புது ஊசி வந்துவிட்டிருந்தது. பிறந்த அன்றே போட்டார்கள். அவன் தப்பித்தான். மகள் வாசலில் கயிறு தாண்டுவாள், மூச்சிரைக்கக் கத்துவாள், அவளைப் பார்ப்பவர்கள் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. நான் அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அம்மாவின் கை எதற்காக வயிற்றை விட்டு இறங்கவில்லை என்பது எனக்கு அப்போது முழுதாகப் புரிந்தது.

அம்மாவைக் கிருமி கடைசிவரை ஒன்றும் செய்யவில்லை. எண்பதுகள் முடியும்போது, இதயம் பலவீனமாகி ஆஸ்பத்திரியில் படுத்தார். மகனைக் கொன்றது தாயை ஏன் விட்டுவைத்தது என்று கேட்டேன். ஒவ்வொரு உடம்பும் ஒவ்வொரு மாதிரி என்பதற்குமேல் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

சாவதற்கு முந்தின நாள் ரத்தம் எடுக்க ஒரு இளம் மிஸ்ஸி வந்தாள். அம்மா கண்ணைத் திறந்து, கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"கையில உறை போட்டுக்க தாயி," என்றார். "என் ரத்தம் ஆகாது."

அந்தப் பெண் தன் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினாள். "போட்டிருக்கேம்மா, பாருங்க. எல்லாருக்கும் இப்படித்தான் எடுப்போம்."

அம்மா நம்பாமல் அந்த உறையை விரலால் தொட்டுத் தடவிப் பார்த்தார். பிறகுதான் கையை நீட்டினார்.